மேற்கால் கடல்

பகல் முழுக்க அளுத்கடையில் உறுதி தட்டெழுதுகிறேன்.
வடக்கால் ஹெட்டிகே பரம்பரைக் காணி,
கிழக்கால் ஒழுங்கை,
தெற்கால் மதிலும் பாதி உரிமையுள்ள கிணறும்,
மேற்கால் கால்வாய்.
பரப்பு ஆறேகால் பேர்ச்சஸ்.
அதற்குள் படுத்திருக்கும் நாய் அட்டவணையில் சேராது.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு
கொம்பனித்தெரு ஸ்டேஷனுக்குப் பின்னால்
ஒரு தேத்தண்ணிக் கடையின் கடைசி மேசை.
ஜுமாட் வந்திருப்பான், விரலெல்லாம் கிரீஸ்.
லிப்ட் திருத்துகிறவன்.
அவன் பிறந்த வீட்டுக்கு நேர் மேலே
இப்போது பதினெட்டாம் மாடி நிற்கிறது.
அங்கும் லிப்ட் இடையில் நின்றால்
அவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பலகையும் கற்களும்
துறைமுக வேலை முடிந்து ஊர் திரும்பிய
ஒரு யப்பான்காரர் அரை விலைக்குக் கொடுத்தவை.
கறுப்பு நிறைவாக உண்டு.
வெள்ளையில் நாலு எங்கேயோ தொலைந்து
அந்த இடத்துக்கு நாலு வட்டப் பனடோல்.

இதில் ராசா இல்லை. குதிரை இல்லை.
ஒருத்தரைக் காப்பாற்ற எட்டுப் பேர்
முன்னால் போய்ச் சாகிற கதை இல்லை.
எல்லாம் ஒரே கல்.
வைத்த இடத்தில் இருப்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்த வேலை.
வடக்கால் ஒரு மூச்சு, கிழக்கால் ஒரு மூச்சு,
தெற்கால், மேற்கால்.
நாலும் அடைபட்டால் தூக்கி மூடியில் போட்டுவிடலாம்.
கோ பழக ஐந்து நிமிடம் போதும்.
நான் ஏழு வருடமாகப் பழகுகிறேன்.

கறுப்பு, வெள்ளை என்றதும்
உங்களுக்கு வேறேதோ ஞாபகம் வரலாம்.
எங்களுக்கும் முதல் மாதம் வந்தது.

மூலையில் அடிபிடி மும்முரமாக இருக்கும்போது
அவன் நடுவெளியில், ஒருவருமே இல்லாத இடத்தில்
டக் என்று ஒரு கல் வைப்பான்.
விசரன் என்று நினைப்பேன்.
நாற்பது கல்லுக்குப் பிறகு
என் ஆட்கள் தப்பியோடும் வழியில்
அது கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும்.
தோற்கத் தோற்க ஒரு சந்தோஷம்
அடிவயிற்றில் கிளம்பும் பாருங்கள்,
அதற்காகவே வருகிறேன்.

ஒரு சட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும்:
அவன் என் கல் ஒன்றை எடுத்தால்
அதே இடத்தில் நான் உடனே திருப்பி எடுக்கக் கூடாது.
வேறெங்காவது ஒரு கல் வைத்துவிட்டு வர வேண்டும்.
தெஹிவளை வீட்டுக்காகப் பதினொரு வருடம்
என்மேல் வழக்கு நடத்தும் அண்ணா
டொரொண்டோவிலிருந்து குரல்பதிவு அனுப்பினால்
இப்போதெல்லாம் நான் முதலில் உடுப்புத் தோய்க்கிறேன்.

நேற்று மழை. ஜுமாடுக்குத் தலையிடி.
என் மூடியில் கைதியாகக் கிடந்த பனடோல் ஒன்றை
யோசனையோடேயே எடுத்து
பிளேன்டீயில் விழுங்கினான்.
நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்கவில்லை;
என் இடப்பக்கக் கூட்டத்துக்கு
ஒரே ஒரு மூச்சுத்தான் மிச்சம்.

ஒரு கட்டத்தில் போதும் என்றான்.
நானும் போதும் என்றேன்.
இரண்டு போதும் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது.
காணிச் சண்டையில் இப்படியொன்று நடந்ததாக
எங்கள் அலுவலகக் கோப்பு எதிலும் இல்லை.
பிடித்த கற்களை அவரவர் எதிரியின் வெளியில் நிரப்பி எண்ணினோம்.
பிந்தித் தொடங்கிய வெள்ளைக்கு ஈடாக ஆறரை.
அரைப் புள்ளியால் தோற்றேன்.

கொள்ளுப்பிட்டி தாண்டி,
ரயில் வாசலில் உப்புத் தூறல் முகத்தில் அடித்தபோதுதான்
அந்தக் குளிசை நினைவுக்கு வந்தது.
என் கைதி. அவன் வெளியில்
ஒரு புள்ளியை அடைத்திருக்க வேண்டியது.
அரையால் வென்றிருக்கிறேன்!

போனை எடுத்து நாலு வரி அடித்தேன்.
கிழக்கால் மாடிகளின் வெளிச்சம்,
மேற்கால் கடல்.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
‘தலையிடி எப்படி?’ என்று மட்டும் கேட்டேன்.

வெள்ளவத்தையில் இறங்கும்போது பதில் வந்தது:
‘குறைஞ்சிட்டுது. ஏன்,
எண்ணிப் பாத்திட்டீங்களா?’