வெளியேறிய தேதி

ஆறு மணிக்குள் எண் போக வேண்டும்
காவல் நிலையத்துக்கு:
பாபுராவ் தெரு, எங்கள் லாட்ஜ்,
இன்றிரவு தங்குவோர் எத்தனை பேர்.
பெயர் அவர்களுக்கு வேண்டாம்.

கவுண்ட் என்று அடித்து
அடைப்புக்குள் ஒரு நட்சத்திரம் வைத்தேன்.
ராசி, பாதம் எதுவும் கேட்காத நட்சத்திரம்,
கண்ணில் பட்ட வரிசையையெல்லாம் எண்ணும்.
ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாலு.
நாலு வருஷத்தில் இந்தப் படி ஏறிய அத்தனை பேரும்:
மால்டா, தும்கா, அகர்தலா,
ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கியவர்கள்,
இட்லியைக் கடுகெண்ணெயில் வதக்கித் தின்றவர்கள்,
காட்பாடிக்கு ஆட்டோ பேரம் பேசவென்று
தமிழில் 'இருநூறு' மட்டும் கற்றுக்கொண்டவர்கள்.

எங்களிடம் இருப்பது இருபத்திரண்டு அறை.
அதில் நாலில் தண்ணி ஏறாது.

வெளியேறிய தேதி எவருக்குக் காலியோ
அவர்தான் உள்ளே இருப்பவர்.
சேர்ந்த புதிதில்
'தேதி சமம் நல்' என்று கேட்டுக் கேட்டு
பூஜ்யம் வாங்கினேன், ஒரு மத்தியானம் முழுக்க.
வாசல் பலகையில் இருப்பது நல்வரவு,
அட்டவணைக்குள் இருப்பது வேறு நல்.
எதற்கும் சமமில்லை அது,
பக்கத்து நல்லுக்கும் இல்லை,
தனக்கே இல்லை.
தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும்
ஒன்றுதான் என்று யார் கையெழுத்துப் போடுவது?
'இஸ் நல்' என்று கேட்க வேண்டும்.
காலியா நீ, அவ்வளவுதான்.

கேட்டேன்.
முப்பத்தொன்று.

ஆளுக்கொரு தண்ணி டோக்கன்,
காலையில் நான்தான் கிழித்துக் கொடுத்தேன்.
கொடுத்தது முப்பது.

ஒன்று உதைத்தது.
அறைவாரியாகப் பிரி என்றேன். குரூப் பை.
207-ல் ஒரு ஆள்.
207-ன் சாவியோ
என் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

வரிசை எண் எட்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று.
ரேணுபாலா மண்டல், வயது நாற்பத்து நாலு.
அடுத்த வரிசை சுபல் மண்டல், கணவர்.
அவர் தேதி இருக்கிறது. நான்தான் போட்டேன்.
வாடகைக் குக்கரைத் துடைத்து,
கேஸ்கெட்டைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.
என்னை 'திதி' என்பார்.
அவர் பேச்சில் அக்கா.
அது நம்மிடம் என்னவென்று
நான் சொன்னதில்லை.

அன்று அவளுக்கும் தேதி கேட்டது திரை.
வார்டில் சேர்ந்த நாளா?
டாக்டர் தோளைத் தொட்ட நாளா?
பாலாற்றங்கரையில் எரிந்த நாளா?
காரணத்துக்கு விரியும் பட்டியல்:
ஊர் திரும்பினார், வேறு லாட்ஜ், மற்றவை.
அப்புறம் பார்க்கலாம் என்று மூடினேன்.
நாற்பத்தோரு நாள் ஓடிவிட்டது.

நாற்பத்தோரு நாளாய்
நிலையத்துக்குப் போன எண்ணில் அவளும் போயிருக்கிறாள்.
சீசன் நெரிசலில்
'ரூம் ஃபுல்' என்று நான் திருப்பிய குடும்பங்கள்
கொசுக்கடியில் பஸ் ஸ்டாண்டில் படுத்த இரவுகளில்
207-ல் ஃபேன் கூட ஓடவில்லை.

வாசலில் ஆட்டோ.
சில்சாரிலிருந்து ஒரு தகப்பன்,
மொட்டையடித்த பெண்பிள்ளை, ஒன்பது வயது இருக்கும்.
'ரூம்?' என்றார்.
அந்த ஒரு சொல்லையே மூன்று மொழியில் கேட்டதுபோல் இருந்தது.

தேதிக் கட்டத்தில் இன்றையதைப் போட்டேன்.
இன்றைக்குத்தானே காலி செய்கிறாள்.
காரணம்: மற்றவை.
திரும்ப எண்ணினேன், முப்பது.
இருவரையும் சேர்த்தேன்.
பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டு
படியை எண்ணியபடி ஏறினாள், அவள் மொழியில்.

ஆறு அடிக்க நாலு நிமிஷம். போன்.
'எவ்ளோம்மா?'
'முப்பத்திரண்டு சார்.'

ஜபருல்லா பாய் கடையைப் பூட்டிவிட்டு
ஒன்பது மணிக்குக் கணக்குப் பார்க்க வருவார்.
திரையின் மூலையில் சிவப்பில் மின்னுகிறது:
ரேணுபாலா மண்டல், நாற்பத்தோரு நாள் வாடகை,
பதினாலாயிரத்து முந்நூற்றைம்பது.
வசூலாகவில்லை.