பதினோராம் மைல்

சர்க்கார் வாய்க்கால் இது.
ஒட்டாகோ மலைகளின் இடுப்பைச் சுற்றி வந்து
நேஸ்பி தங்கக்குழிகளில் விழும்.
பதினோராம் மைலில் என் தகரக் குடிசை,
மண்வெட்டி, லாந்தர், கணக்கேடு.

கரை உடைந்தால் அடைப்பேன்.
செத்த செம்மறி மிதந்தால் இழுத்துப் போடுவேன்.
மடைச் சாவி கயிற்றில் கழுத்தோடு கிடக்கும்,
தூங்கும்போதும்.

ட்ரெவனா வாரம் இரண்டு மடை எடுத்தான்.
பவுன் கொடுத்துத் தண்ணீர்,
தண்ணீரைப் பீய்ச்சி மேட்டைக் கரைத்துப் பவுன்.
ஏப்ரலில் வெறும் சரளைதான்.

ஆபீஸ் கடிதம் வந்தது: பாக்கி ஐந்து வாரம், மூடு.
மூடினேன்.
கீழே அவன் குழாய் இருமுறை இருமி
ஓய்ந்தது.

ஏறி வந்தான். சண்டைக்கென்று நினைத்து நின்றேன்.
பூட்ஸைக் கழற்றிக்
கரையில் உட்கார்ந்து காலை நனைத்தான்.
"இதற்கும் ரசீது உண்டா?"
நான் சிரிக்கவில்லை. அவனும்தான்.
வீங்கிய விரல்களைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போனது,
காசு கட்டியவர்களிடம்.

மே மாதமே இங்கே உறைபனி.
வியாழக்கிழமை ஏட்டில் எழுதினேன்:
பன்னிரண்டாம் மைல், கரையில் பிளவு, கசிவு.
வேலை நடக்கிறது.
கசிவு போன திசையை எழுத
ஏட்டில் கட்டம் இல்லை.

மண்வெட்டி
நான்கு நாளாய்க் குடிசைச் சுவரில்
சாய்ந்தே நின்றது.