கருவி சரிபார்ப்பு

புளோக் எழுநூற்றுப் பதினாறு, ஈசூன். மின்தூக்கி பழுது.
அழுத்தக் கருவி, எடைத்தட்டு, அளவு நாடா,
குலுக்கலில் விழுந்த எட்டு வீட்டின் பட்டியல்
எல்லாம் முதுகிலேற
பதினோராம் மாடிக்கு நடந்தேன்.
நோய்ச்சுமை ஆய்வு என்று பெயர்.
சுமை எங்கே இறங்குகிறதென்று
முழங்காலைக் கேட்டால் தெரியும்.

முதல் கதவு, திருவாட்டி கோ லே எங், எழுபத்தொன்று.
வாரத்தில் எத்தனை நாள் பொரித்த உணவு?
இரண்டு விரல் காட்டினார்.
அடுப்படியிலிருந்து மகள் ஐந்து விரல் காட்டினாள்.
இரண்டென்றே எழுதினேன்.
சொன்னதை எழுது, கண்டதை எழுதாதே
என்பது பயிற்சி.

ரோஸ்லி டாக்சி ஓட்டுகிறார்.
புகைப்பதை விட்ட ஆண்டு?
மனைவிக்கு உடம்பு முடியாமல் போனபோது விட்டேன்,
அவள் போனபிறகு தொட்டேன்,
பேத்தி பிறந்ததும் விட்டேன்,
போன மாதம், சரி, அதை விடுங்கள் என்றார்.
கட்டம் ஒன்றுதான் இருந்தது.
நான்கு இலக்கம் பிடிக்கும்.

சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர்.
ஆய்வகத் திரையில் ஒருமுறை வரைபடம் காட்டினார்கள்:
இந்தியருக்குச் சர்க்கரைக் கோடு
மற்றக் கோடுகளுக்கு மேலே போகிறது.
எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.
கோடு திரும்பும் இடத்தில்
என் அக்காவின் எடுத்துவிட்ட கால்விரல்
இருப்பதாகத் தோன்றியது எனக்கு.
ஒரு விரலுக்கு எவ்வளவு எடை என்று
அட்டவணை இருக்கிறது,
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
தேடிப் பார்க்கவில்லை.

நான்காவது வீட்டில் ஆளில்லை.
ஐந்தாவதில் நாய் மட்டும்.

நடைபாதையைக் கழுவிக்கொண்டிருந்தவர்
மஞ்சள் வாளியை ஓரம் வைத்தார்.
அக்கா, எனக்கும் கட்டிப் பாருங்களேன்.
தவசுமணி, அறந்தாங்கிப் பக்கம்,
வந்து ஒன்பது வருடம்.
குடிமக்கள், நிரந்தரவாசிகள் மட்டும்
என்றது என் கையிலிருந்த தாள்.
நான் தாளைப் பைக்குள் செருகினேன்.

படிக்கட்டில் உட்கார்ந்தார்.
ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும் என்றேன்.
வேலை நேரத்தில் ஐந்து நிமிடமா என்று
கண்ணாலேயே கேட்டார்.
கீழே கார் நிறுத்துமிடத்தில் யாரோ கத்தினார்கள்.
தண்ணீர் ஒவ்வொரு படியாக யோசித்து இறங்கியது.
அவர் கையைத் தொடையில் வைத்து
பள்ளிக்கூடத்துப் பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்றெட்டு.
இன்னொரு முறை கட்டினேன்.
நூற்று அறுபத்தாறு, நூற்று நான்கு.

மாத்திரை?
ஊரில் வாங்கி வந்தது தீர்ந்துபோச்சு.
எப்போது?
சிரித்தார். பொங்கலுக்கு.
எந்தப் பொங்கலுக்கு என்று நான் கேட்கவில்லை.
ஒப்புதல் படிவத்தின் பின்பக்கத்தில்
இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி
ஞாயிறு திறக்கும் மருந்தகத்தின் வழியும் எழுதினேன்.
நான்காக மடித்துக்
கைப்பேசி உறைக்குள் வைத்தார்.
தலைவலி வந்தால் தள்ளிப்போடாதீங்க என்றேன்.
வாளியைத் தூக்கிவிட்டார் அதற்குள்.

மாலையில் தரவுப் பிரிவில் சுலோச்சனி அழைத்தார்.
கருவி நினைவில் இரண்டு அளவு கூடுதலாக இருக்கிறதே,
பங்கேற்பாளர் எண் இல்லை, யாருடையது?
மூச்சுவிடும் நேரம் இருந்தது எனக்கு.
கருவி சரிபார்ப்பு என்றேன்.
சரிபார்ப்புக்கு இவ்வளவு உயரமா என்று கேட்டுவிட்டு
அழித்தார்.

எட்டு வாரம் கழித்து விட்டுப்போன வீடுகளுக்காக
மறுபடி அங்கே போனேன்.
மஞ்சள் வாளி இருந்தது.
துடைத்தவர் வேறொருவர், வங்காளி.
தவசுமணி? தெரியாது, அக்கா. புது ஆள் நான்.

தொடர்பு விட்டுப்போனவர்களுக்கு
எங்களிடம் ஒரு குறியீடு உண்டு, தொண்ணூற்றேழு.
அதைப் போடவும்
முதலில் ஓர் எண் வேண்டும்.

நான்காவது வீட்டில் இந்தமுறை ஆள் இருந்தார்.
உள்ளே வாங்க என்றார், தரை ஈரம்,
பார்த்து.