ஒப்புதலான விடுப்பு

விசா இல்லை என்று வந்த கடிதத்தில்
என் பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.
விடுப்போ ஏற்கனவே ஒப்புதலாகிவிட்டது. ஐந்து நாள்.
ரத்து செய்தால் அடுத்த வருடம்தான்
என்றார் அலுவலகத்துப் பத்மநாபன்.

மோரக் வரைந்து அனுப்பிய அவள் ஊர்
என் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது:
ஒரு தேவாலயம், ஒரு கடை,
யாரும் யாரையும் கூப்பிடாத சிவப்புத் தொலைபேசிக் கூண்டு,
ஏரிக்கரையில் அவள் வீடு.
ஓரத்தில் பேனாவால்,
மக்கள்தொகை 64, நீ வந்தால் 65.

நிஸ்வா ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
ஆறு வருடம் என் பக்கத்து நாற்காலி.
நான் கொடுக்கும் எலுமிச்சை ஊறுகாயை
ஜாம்போல ரொட்டியில் தடவித் தின்பாள்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி கொதிக்கையில்
எங்கள் ஊரில் பன்னிரண்டு வகை மழை என்று
விரல்விட்டு எண்ணுவாள்.
எனக்கு எல்லாம் ஒரே மழையாகத்தான் கேட்டது.

மழைக்கோட்டு வாங்கியாகிவிட்டதே.
ரூவி கடைத்தெருவில் பேரம் பேசி, ஆறரை ரியால்.
அதைப் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு
வியாழன் மதியம் மலையேறினேன்.
வீம்புதான்.

ஹைல் சித்ர்.
தார் முடிந்தபின் எட்டு கிலோமீட்டர், முதல் கியரிலேயே.
போனதில்லை, ஆனால் தெரிந்த ஊர்.
ரத்தக் குழாய் லேபிள்களில் அடிக்கடி வரும்.
கண்ணாடித் தகட்டை நகர்த்தி மோரக் சொல்வாள்,
வா, உன் மலைக்காரர்களின் பிறை தெரிகிறது.
வட்டமாக இருக்கவேண்டிய அணுக்கள்
அங்கங்கே வளைந்து கிடக்கும்.

வண்டியை நிறுத்தியதும் ஓர் ஆடு பானட்டில் ஏறியது.
இலையுதிர்ந்த மாதுளைகள். வாய்க்காலில் யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு.
கடை பூட்டியிருந்தது.
ஒரு பையன் கேட்டான், யார் வீட்டுக்கு?
யார் வீட்டுக்கும் இல்லை.
பின்னே எதற்கு?
பார்க்க.
அவன் திரும்பித் தன் ஊரை ஒருமுறை பார்த்தான்,
எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டோமா என்பதுபோல.

ஸுவைனா கஹ்வா ஊற்றும்போதே என்னை உற்றுப் பார்த்தாள்.
பிறகு கைமடிப்பை ஏற்றி முழங்கையைக் காட்டினாள்.
நீதானே? மூன்று தடவை குத்தினாய்.
நரம்பு கிடைக்கவில்லை உனக்கு.
சாக்குச் சொல்ல வார்த்தையில்லை.
என் அரபு ஆஸ்பத்திரி அரபு:
கையை மடக்கு, மூச்சை விடு, முடிந்தது.

அந்த ஆரஞ்சு முடிக்காரி எங்கே?
ஊருக்குப் போய்விட்டாள்.
அங்கே பேரீச்சை உண்டா?
இல்லை. மழை.
எவ்வளவு?

பன்னிரண்டு என்றதும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டாள்.
ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள்.
நான் எழுந்து நின்று, கையால், தோளால்,
நான்கைச் செய்து காட்டினேன்:
நனைக்காமல் ஒட்டும் மழை,
பக்கவாட்டில் வரும் மழை,
ஆடுகள் சட்டை செய்யாத மழை,
துணி காயப்போட்டதும் வரும் மழை.
மீதி எட்டு ஞாபகமில்லை.
ஏமாற்றம் அவர்களுக்கு.
ஸுவைனாவின் மாமனார் மட்டும் சொன்னார்,
இங்கே ஒன்றுதான். வந்தால் ரோட்டைக் கொண்டுபோய்விடும்.

இரவு அவர்கள் கொடுத்த மூன்று போர்வையும் போதவில்லை.
விடியலில் எதிர்மலையைக் காணோம்.
கன்னத்தில் ஏதோ ஈரம், துளியென்று சொல்லமுடியாதது.
ஓடிப்போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு
தண்ணீர்த் தொட்டியருகே நின்றேன்.
சிக்னல் அங்கே மட்டும்தான் கிடைக்கும்.
படம் அனுப்பினேன்: இது எத்தனையாவது?
நெடுநேரம் கழித்து மோரக்,
அது மழையே இல்லை பெண்ணே, மேகம்.
கோட்டு நன்றாக இருக்கிறது.

கிளம்பும்போது ஸுவைனா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.
சின்னவனுக்கும் எடுத்தீர்கள். போன ரமலானுக்கு முன்பு.
முடிவு என்னவென்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

நேற்று என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பையன்
ஆட்டைப் பானட்டிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான்.
காரில் வேறு தாள் இல்லை.
விசாக் கடிதத்தைத் திருப்பி
ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு கேட்டேன்,
அவன் முழுப் பெயர் என்ன,
பிறந்த தேதி, அப்பா பெயர்,
மெதுவாகச் சொல்லுங்கள்.