கடல் நிலவரம்

முதல் இரவு,
பலெர்மோவிலிருந்து வந்த வீடியோ கோலில்
நகுலேசனின் தோளுக்குப் பின்னால்
கதிரையில் சாய்ந்திருந்த ஒரு மனிதர்
வாயின் ஒரு பக்கத்தால் கேட்டார்:
'மாரே?'

'இல்லை ஐயா,
மாரிக்கு இன்னும் நாள் கிடக்கு.
ஐப்பசி பிறக்கட்டும்' என்றேன்.
அங்கே இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.
மாரே எண்டா கடலாம்.

கலோஜெரோ என்று பெயர்.
முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில்
இயந்திரம் பார்த்தவர்.
வலப்பக்கம் விழுந்த பிறகு
என் புருசன்தான் அவருக்குக் கை.
சவரம் எடுப்பதில் இருந்து
கத்தரிக்காயை உப்பில் போட்டுக் கசப்பு வடிப்பது வரை
அவர் சொல்ல இவர் செய்வார்.
ஒருமுறை கறிவேப்பிலை போட்டதற்கு
அரைநாள் பேசவில்லையாம்.
பின்னேரம் சட்டியை வழித்தாராம்.

ஒவ்வோர் இரவும் அதே கேள்வி.
எனக்கென்ன தெரியும் கடலை?
நான் திருக்கடலூர் ஐஸ் கொம்பனியில்
துண்டு எழுதுகிறவள்.
எத்தனை வள்ளம் ஐஸ் ஏற்றியதோ
அதுதான் என் கடல்.
நாற்பது என்றால் குளத்துத் தண்ணீர்.
பன்னிரண்டு என்றால்
கோணேசர் மலைக்கு அங்கால் வெள்ளை உடைகிறது.
மூன்று என்றால்
கடன்காரர் மட்டும் போயிருக்கிறார்கள்.

இதைச் சொல்லத்தான் இலக்கம் படித்தேன்.
'குவராந்தா. கல்மோ.'
'தோதிச்சி. மோஸ்ஸோ.'
கடன்காரனுக்கு உங்களிடம் என்ன சொல் என்றேன்.
அவர் ஒன்றல்ல, ஏழெட்டுச் சொன்னார்.
இவர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

இப்படித்தான் அந்த நாடு எனக்கு வந்தது,
சாமான் சாமானாக.
பாணுக்கு அங்கே பானே.
கோப்பைக்குக் கொப்பா.
தவறணைக்குத் தவேர்னா;
இருந்து குடிக்கிற முகங்களும் ஒன்றுதான் என்றார் இவர்.
நம்முடைய நாகதாளிக்கு
அவர்கள் வைத்த பெயர் இந்தியாவின் அத்தி.
தோல் சீவிக் குளிரவைத்து
தட்டில் வைத்துத் தின்பார்களாம்.
கேட்ட பின்னேரம் வேலியோரம் போய் நின்று
அதை முதல்தரம் பார்த்தேன்.
விரலில் ஏறிய முள்
மூன்று நாள் இருந்தது.

புரட்டாதிக் கடைசியில் ஓர் இரவு
கோல் வரவில்லை.

'பெல்லெக்ரீனோ மலைக் குகைக்கு ஏறினேன்.
கூரைப்பாறை வேர்க்குது.
சொட்டுத் தலையில விழாம
தகரப் பீலி கட்டி வைச்சிருக்கினம்.
எங்கட ஆக்களும் வெறுங்காலோட வருகினம்,
நேர்த்தி வைக்கினம்.
எண்டாலும் எனக்குக் காணேல்ல.
முப்பத்தொண்டுக்கு நீ கன்னியாவுக்குப் போ.'

போனேன்.
குலம் கோத்திரம் கேட்டார் ஐயர்.
'கப்பல்காரர்' என்றேன்.
நட்சத்திரம்?
அதுவும் கப்பல்காரருக்குத் தெரிந்திருக்கும்,
எனக்குத் தெரியவில்லை.

ஏழு கிணறு, ஏழு சூடு.
எந்தச் சூடு அவருக்குப் பிடிக்கும்?
இவரைக் கேட்கலாம் என்றால்
அங்கே விடியப்புறம் மூன்றரை.
ஒவ்வொன்றாய்க் கை வைத்து வந்தேன்.
இராவணன் தாய்க்குக் கடன் கழித்த தண்ணீர் என்பார்கள்.
அவளுக்கும் இத்தாலி தெரிந்திருக்காது.
நாலாவதில்
சவரம் எடுக்கிற பதம்.
வாளியால் மொண்டு
என் தலையில் ஊற்றினேன்,
முகம் தவிரப் பார்த்தறியாத ஒருவருக்காக.

திரும்பும்போது
அநுராதபுரச் சந்தியில் பஸ் கண்ணாடி நனைந்தது.
மான்கள் இரண்டு
பூட்டிய கடையொன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கி
பேப்பர் தின்றுகொண்டிருந்தன.

தூரினோவில் இருந்து மகள் வந்து
வீட்டைப் பூட்ட முந்திய கடைசி இரவு.
இவரின் தோளுக்குப் பின்னால்
கதிரை மட்டும்.
ஒருவரும் கேட்கவில்லை.
நானே சொன்னேன்:
'ஜேரோ. ஒரு வள்ளமும் போகேல்ல.'

பிறகு கதிரையைப் பார்த்து,
'மாரி' என்றேன்.