நாற்காலிக் கணக்கு

திங்கள் காலை கையெழுத்துப் போட்டு எடுத்தோம்:
மடக்கு நாற்காலி, இருநூற்று நாற்பது.
நகராட்சிக் கிடங்கின் ஈரவாடையோடு
லிவியோவின் வண்டியில் ஏறின.
த்ரியெஸ்தே நகரத்துக்குக் கலை வாரம்.
எங்கள் இருவருக்கும் முதுகு வாரம்.

பழைய மீன்சந்தையில் வயலின் நால்வர்.
வரிசைக்குப் பன்னிரண்டு, நடுவே வழி.
முதல் சுரம் எழும்போது நாங்கள் வெளியே,
வண்டியின் மறைவில்,
ரொட்டிக்குள் பன்றியிறைச்சி வைத்துக் கடித்துக்கொண்டிருப்போம்.
கதவிடுக்கில் வருவது வரும்.
கைதட்டல்தான் எங்களுக்கு மணி.
எழுந்திரு, மடக்கு, அடுக்கு.

உள்ளே என்ன நடந்தது என்று
நாற்காலியைத் தொட்டுச் சொல்வான் லிவியோ.
ஓபரா என்றால் இருக்கையில் நெடுநேரம் சூடு நிற்கும்.
கவிதை வாசிப்பில் முன்வரிசை சில்லென்று இருக்கும்,
கடைசி வரிசைதான் கதகதப்பு.
ஸ்லோவேனிய நாடகத்துக்கு வந்தவர்கள்
தாங்களே மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார்கள்.
"நம் பிழைப்பில் மண் போடுகிறார்கள்" என்றான்,
அவனைப் பெற்றவளே ஸ்லோவேனியக்காரி என்பதை மறந்து.

வியாழன் அன்று போரா.
அதை வெறும் காற்று என்றால் இந்த ஊரில் சிரிப்பார்கள்.
கார்சோ மேட்டிலிருந்து இறங்கி
கடன் கொடுத்தவன் மாதிரி
கதவைத் தட்டாமல் உள்ளே வரும்.

கப்பல்துறையில் திறந்தவெளி நடனம்.
பெல்கிராடிலிருந்து வந்த நடனக்காரி
விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பின்வரிசை முதலில் கிளம்பியது.
பிறகு, மரியாதை பார்க்காமல்,
வெள்ளைத்துணி போர்த்திய அமைச்சர் வரிசை.
நிகழ்ச்சி ரத்து என்று ஒலிபெருக்கி சொன்னதை
காற்று தூக்கிப்போய்
இஸ்த்ரியாவில் யாருக்கோ சொல்லியிருக்கும்.
நாற்காலிக்காக இப்படி ஓடுவது
அரசியலில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.
கல்பாவிய துறைநெடுகிலும் ஓடினோம்.
இரண்டு கடலில் விழுந்தன;
படகுக்காரன் ஒருவன் கொக்கி போட்டு இழுத்தான்,
கூலி கேட்டான், கொடுத்தோம்.

ஞாயிறு இரவு எண்ணினேன்.
இருநூற்று முப்பத்தொன்பது.
லிவியோ எண்ணினான். அதேதான்.
மூன்றாவது முறை, தட்டித் தட்டி எண்ணினோம்,
தட்டினால் குட்டி போடும் என்பதுபோல.
"நீவெஸ், நாளை மதியத்துக்குள்," என்றார்
கிடங்குக் கண்காணிப்பாளர் ஃபெர்லூகா.
"இல்லையென்றால் சம்பளத்தில்."

விடிந்ததும் சான் ஜாகொமோ ஏற்றத்தில் நடந்தேன்.
சுவரொட்டிகளில் நடனக்காரியின் ஒரு கால் மட்டும் மிச்சம்.
மேட்டுப் பேருந்து நிறுத்தத்தில்
பெஞ்சு உடைந்து இரண்டு வருடம்.
நான்கு மனு, அதில் ஒன்று என்னுடையது.

அங்கே இருந்தது.
சாம்பல் நிறம், முதுகில் நகராட்சி முத்திரை,
எண் நூற்றுப் பதினேழு.
யாரோ ஒரு சைக்கிள் பூட்டைப் போட்டுக்
கம்பத்தோடு சேர்த்துப் பூட்டியிருந்தார்கள்.

காப்பிக் கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்தவன்
அதில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
சட்டைக் கையில் பச்சைக்கொட்டைத் தூசி,
வாய் கொஞ்சம் திறந்திருந்தது.
பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள்.
நான் வாயெடுக்கும் முன்னே
ஒருத்தி உதட்டில் விரலை வைத்தாள்,
இசை தொடங்கிய பிறகு நுழைந்தவளிடம் காட்டுவதுபோல.

ஏழு நாள் விரித்தேன், மடக்கினேன்.
ஒருவர் முழுதாக உட்கார்ந்திருப்பதை
இப்போதுதான் பார்க்கிறேன்.
பேருந்து வரும்வரை நானும் நின்றேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
எண் 117. காற்றில் போனது.

ஃபெர்லூகா படித்தார்.
என் வீடும் அவர் வீடும் ஒரே மேட்டில்.
ஜன்னலைப் பார்த்தார்; வெளியே
ஓர் இலைகூட அசையவில்லை.
"பலமான காற்று" என்று சொல்லி
முத்திரை குத்தினார்.