ரிசர்வ் விளக்கு

நாங்குநேரி தாண்டும்போதே சொன்னேன்,
பின்சீட்டுக்கு அடியில் ஏதோ முனங்குகிறது என்று.
இவருக்குக் கேட்கவில்லை.
பணகுடிக் காற்றாலையில் பதினெட்டு வருசம்.
மெல்லிய சத்தங்களையெல்லாம்
காற்று இவர் காதிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.
"டயர் சத்தம்" என்றார்.
மூன்றடைப்பில் "ரோடு அப்படி" என்றார்.
பொன்னாக்குடியில் ரேடியோவைக் கூட்டினார்.

மேலப்பாளையம், வதூதின் பட்டறை.
சித்திரை வெயில், பகல் பன்னிரண்டு.
பானட்டைத் திறக்கக்கூட இல்லை அவன்.
"ஸ்டார்ட் பண்ணாண்டாம் அண்ணாச்சி,
சாவிய மட்டும் திருப்புங்க."
உய்ய்ங்.
இரண்டு விநாடி. நின்றது.
"இன்னொருக்கா."
உய்ய்ங்.
தெருவில் ஒரு லோடு ஆட்டோ கடந்து போகும்வரை காத்திருந்து
பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வைத்து
மூன்றாம் தடவையும் கேட்டான்.
இவர் என்னைப் பார்த்தார்.
நான் எதிர்வீட்டு முருங்கையைப் பார்த்தேன்.

"பம்புதானே? ஆறாயிரத்து எண்ணூறு ஆவும்" என்றார் இவர்.
விலை எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
காலையில் வண்டி இரண்டு மூன்று முறை இருமித்தான் கிளம்புகிறது;
அதை இவர் கை அறிந்திருக்கிறது,
யாரிடமும் சொல்லாமல்
போனில் விலை பார்த்து வைத்திருக்கிறது.

"கத்துதுங்கறதுக்காவ
போயிட்டுன்னு சொல்ல முடியாதுல்லா" என்றான் வதூது.
மீட்டரை வைத்தான். கரண்டு சரியாக வந்தது.
குழாயில் கேஜைச் செருகினான்.
மூன்றில் நிற்க வேண்டிய முள்
இரண்டே முக்காலில் நின்று நடுங்கியது;
ஆக்சிலேட்டரை மிதித்ததும் சரிந்தது.
"இழுக்கு, ஆனா கெடைக்கல."

முப்பிடாதி என்ற பையன் பின்சீட்டைத் தூக்கினான்.
இரண்டு ரூபாய் நாணயம், என் கொண்டை ஊசி,
யாரோ கல்யாணத்துத் தாம்பூலப் பையின் மஞ்சள் பாக்கு,
எங்கள் மகள் எப்போதோ தொலைத்துவிட்டு
என்னிடம் அடிவாங்கிய ஷார்ப்னர்.
அதற்கெல்லாம் கீழே, புழுதியில்,
ஒரு வட்ட மூடி.

திறந்ததும் பெட்ரோல் வாடை தலையில் ஏறியது.
பம்பின் அடியில் தொங்கிய வலைப்பை
வெள்ளையாக இருந்திருக்குமாம்.
டீக்கடை வடிகட்டி மாதிரி இருந்தது இப்போது.
டார்ச் அடித்து உள்ளே பார்த்தான்.
இரண்டு விரல் உயரம், கருப்பாக, மினுங்கியபடி.

"எப்பவும் எம்புட்டு ஊத்துவீங்க?"
"முந்நூறு."
"எப்பவுமா?"
இவர் கழற்றி வைத்த ஸ்க்ரூக்களை எண்ணினார்.
முந்நூறுக்கு ஆறு லிட்டர் வந்த காலத்திலும் முந்நூறு,
மூன்று லிட்டர்கூடத் தேறாதபோதும் முந்நூறு.
அந்த மஞ்சள் விளக்கு அணைந்து நான் பார்த்ததே இல்லை.
கம்பெனிக்காரனே எரியவிட்டு அனுப்பியது என்றுதான்
நினைத்திருந்தேன்.

"பெட்ரோலுக்குள்ள முங்கிக் கெடந்தாத்தான் இது சூடாவாது.
தண்ணி இல்லாத கெணத்துல மோட்டார் போட்டா?
அதான்."
அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.

வலைப்பை புதுசு, ஃபில்டர் புதுசு, பம்பு அதேதான்.
கூலியோடு ஆயிரத்து நூற்றைம்பது.
"ஓடும். எத்தன நாளைக்குன்னு கேக்காதீங்க."

கேடிசி நகர் பங்க்கில் இவர் "ஃபுல்" என்றார்.
ஊற்றுகிற பெண் "முந்நூறா சார்?" என்றாள்,
முகம் பழகியிருக்கும்.
"ஃபுல்லும்மா" என்றார், கொஞ்சம் சத்தமாக.
முள் எழுந்து, நாங்கள் போகாத ஊர்ப்பக்கமாய்ச் சாய்ந்தது.
விளக்கு அணைந்த இடத்தில்
ஒரு சின்னப் பம்பு படம் இருக்கிறது.

பொன்னாக்குடி வரைக்கும் ஒரு சத்தமில்லை.
இவர் விசிலடித்தார், அதுவும் சுருதி விலகாமல்.
மூன்றடைப்பு வளைவில் பிரேக்கை மிதித்தபோது
இடது முன்சக்கரத்தில்
எறும்பு அளவுக்கு ஒரு கீச்.

இவர் முகத்தைப் பார்த்தேன்.
ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.
கையை நீட்டி
ரேடியோவைக் கூட்டினேன்.